தோள்பை

அந்தக் கோட்டைக்குள் அதுவரை கால் வைத்திராத இன்பராஜ், "வளைவு தாண்டினதும் வலது பக்கம் ஒரு கிணறு இருக்கும் பாரு" என்றான். இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் அவன் விளையாடும் வீடியோ கேமை உருவாக்கியிருந்தார்கள். ஆறு வருடங்களாக அவன் அதற்குள் அலைந்திருந்தான். கூடவே, வேறெங்கோ ஓர் ஊரிலிருந்து விளையாடிய சுகந்தி என்ற ஒருத்தியும். அவனைக் கல்யாணம் செய்து எட்டு மாதமே ஆன செலினாவுக்கு வயிறு எரிந்தது. தனக்குக் கிடைக்காத ஆறு வருடங்கள் இன்னொருத்தியிடம் இருந்தன.

இன்று அந்தச் சுகந்தியும் வந்திருந்தாள். அவளும் இன்பராஜும் நேரில் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் முறை. 'ஆண்டவரே, இந்தப் பொறாமையை எடுத்துப்போடும்' என்று செலினா மனதுக்குள் ஜெபித்தாள். அது அசையவில்லை.

கோபுரத்தின் படிகளைக் கண்டதும் இன்பராஜ் கனத்த தோள்பையை மனைவியின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் மேலே ஓடினான். பெண்கள் இருவரும் கீழே நின்றார்கள்.

"கேம்லயும் இப்படித்தான் அக்கா," சுகந்தி சிரித்தாள். "மருந்து, சாப்பாடு எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு ஓடிருவாரு. ஆறு வருசமா நான் பாத்தது அவர் முதுகைத்தான்."

செலினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுலயும் அதே முதுகுதாம்மா."

"குடுங்கக்கா, நான் தூக்குறேன்."

செலினா பையின் ஒரு வாரை அவளிடம் கொடுத்தாள். இன்னொரு வாரைத் தன் கையிலேயே இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தக் குறுகலான படிகளில் அவளோடு தோள் உரச ஏறத் தொடங்கினாள்.