முதன்மைப் பாடம்

"மேஜரை முடிச்சாச்சுடா. இனி மைனர்தான் பாக்கி."

பேருந்து இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று நெட்டை போனில் கத்தினான். முன் இருக்கையில் குடையை மடியில் வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். நெட்டை அவருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"ஊருக்கே தண்டோரா போடணுமா? காது கிழியுது" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. பேக்கரியில் விடிகாலை வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போகிறாள். அதே பேருந்தில் அவன் கல்லூரிக்குப் போகிறான்.

"ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டது இன்னிக்குத்தான் முடிஞ்சுதுக்கா. சொல்ல வேண்டாமா?"

பி.ஏ. சேர்ந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். இலக்கியமா, பொருளாதாரமா, வரலாறா என்று வாரத்துக்கு ஒரு கட்சி மாறுவான். கடைசியில் வரலாறு என்று நின்றுவிட்டான்.

"வரலாறு படிச்சு ராஜா ஆகப் போறியா?"

"ஆக முடியாது. ஆனா செத்துப்போன ராஜாவையெல்லாம் தைரியமா திட்டலாம்."

"சரி, மைனர் என்ன?"

"புவியியல் எடுக்கலாம்னு பாக்கறேன். சண்டை எப்போ நடந்துச்சுன்னு தெரிஞ்சா போதுமா? எங்கே நடந்துச்சுன்னு தெரிய வேண்டாமா?"

"மைனர்னு தனியா ஒண்ணு எதுக்குடா? அதான் மணிக்கணக்கா தலையைச் சீவிக்கிட்டு நீயே ஒருத்தன் இருக்கியே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் கடைசி.

அன்று காலை பாலத்தடியில் ராணுவ மேஜர் ஒருவரை யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தப் பேருந்தில் அது குடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த சோதனைச் சாவடியில் முதல் ஆளாக இறங்கி, சிப்பாயின் காதில் என்னவோ சொன்னார்.

ஏறி வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கிக் கட்டை நேராக நெட்டையின் வாயில் இறங்கியது. உடைந்த பல் ஒன்று அக்காவின் மடியில் வந்து விழுந்தது.

"மைனர்னு யாரைடா சொன்னே? அடுத்தது யாருடா?"

"அது பாடம்" என்றுதான் அவன் சொன்னான். வாய் நிறைய ரத்தம். சொல் சொல்லாக வெளியே வரவில்லை. தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துப் போனார்கள். குறுக்கே விழுந்த அக்காவையும் பூட்ஸ் காலால் புரட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. நெட்டையை ஒரு வகுப்பறையில் தள்ளினார்கள், அவளை அடுத்ததில். நடுவில் ஒரு செங்கல் சுவர். கட்டை விழும் சத்தமும், ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவன் இழுக்கும் மூச்சும்கூடக் கேட்டன.

கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் ஓங்கி ஓர் அறை. அவள் கரும்பலகையில் மோதி விழுந்தாள்.

"மேஜர் எது, மைனர் எது? ரெண்டையும் சொல்லு."

"ஆளுங்க இல்லீங்க ஐயா. காலேஜ் பாடம்ங்க. சத்தியமா பாடம்ங்க."

"ராணுவத்துக்காரன்கிட்ட காலேஜ் கதை பேசினா என்ன புரியும்? விளங்கற மாதிரி சொல்லு." சொல்லிவிட்டுக் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

சுவருக்கு அந்தப்பக்கம் நெட்டை "அக்கா" என்று அலறினான். அவள் தரையில் கிடந்த சாக்குக்கட்டியைத் தடவி எடுத்தாள். பலகையில் அழுத்தியதில் முதல் துண்டு உடைந்துபோயிற்று.

"பி.ஏ.ன்னா முதல் வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பாங்க ஐயா. அப்புறம் இதுதான்னு ஒண்ணை எடுத்துக்கணும். அதுக்குப் பேருதான் மேஜர்." பெரிய கட்டம் ஒன்று போட்டு 'வரலாறு' என்று எழுதினாள்.

"மைனர்?"

"கூடவே துணைக்கு ஒண்ணு படிக்கணும்ங்க. அது மைனர்." பக்கத்தில் சின்னக் கட்டம் போட்டாள். "இதுல புவியியல் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தான். அதைத்தான் பாக்கின்னு சொன்னான்."

"பாதியில வேற மேஜருக்கு மாறலாமா?"

கேள்வி கேட்கிறார்! அவளுக்கு உயிர் வந்தது. கேட்கிறவருக்குப் புரியத் தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? தம்பி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அளந்ததையெல்லாம், பாதி காதில் வாங்கிப் பாதி விட்டதையெல்லாம், இப்போது ஒன்றுவிடாமல் கொட்டினாள். மாறலாம், ஆனால் விட்ட பாடங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும். வரலாறு எடுத்தால் வாத்தியார் ஆகலாம், அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கலாம், மேலே படிக்கலாம். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா?" என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். அவள் பலகை நிறைய எழுதினாள்.

அவள் சொல்லச் சொல்ல, சுவருக்கு அந்தப்பக்கம் அடியும் இடைவெளி விட்டு விழுந்தது. பிறகு நின்றேவிட்டது.

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. சத்தம் போட்டுச் சொன்னது வீண் போகவில்லை, அங்கேயும் கேட்டிருக்கிறது.

கதவு திறந்தது. முழங்கை வரை ஈரமாக இருந்த சிப்பாய் ஒருவன் அதிகாரியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அதிகாரி எழுந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"இப்போ புரிஞ்சுதுங்களா ஐயா?" என்று கைகூப்பினாள் அக்கா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பஸ்ல அவன் பேசினதை எங்க ஆளுங்க வந்து சொன்னப்பவே புரிஞ்சுதும்மா. நானும் பி.ஏ. வரலாறுதான்."