ரைனில் இறங்கியவள்

செருப்பை முதலில் கழற்றினாள்.

மகன் கவனிக்கவில்லை. சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பழைய வீடுகளைக் காட்டி, இது எந்த நூற்றாண்டு, அது யார் கட்டியது என்று மனைவி பவித்ராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சூரிச்சிலிருந்து மதிய ரயிலில் வந்திருந்தார்கள். சின்ன ஊர். அம்மாவுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

அம்மா வீடுகளைப் பார்க்கவில்லை.

கீழே ரைன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது.

அதில் பெண்கள் மிதந்து போனார்கள். அவள் வயதுக்காரிகள். நரைத்த தலைகள். சந்தைக்குப் போகிறவர்களைப் போல் பேசிக்கொண்டே போனார்கள்.

மகன் திரும்பிப் பார்த்தபோது முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். பயணத்துக்கென்று மருமகள் வாங்கித் தந்த சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தாள்.

"அம்மா! ஆறும்மா இது. இழுத்துட்டுப் போயிரும்!"

"போகட்டும்டா. நீ பாலத்துக்கிட்ட வந்து நில்லு."

குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு மூச்சு உள்ளேயே நின்றது.

பிறகு கைகள் தாமாக விரிந்தன.

பன்னிரண்டு வயதில் காவிரியில் அக்கரை போய்த் திரும்பியவள். வயதுக்கு வந்த மறுநாள் அவளுக்கு ஆறு நின்றுபோனது. மகன் பிறந்தது, படித்தது, விமானம் ஏறியது எல்லாம் அதற்கப்புறம். அவனுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீரோடு மல்லுக்கட்டவில்லை. சாய்ந்து கொடுத்தாள்.

அது தூக்கிக்கொண்டது.

கரையோரம் மகன் ஓடிவந்தான். கையில் அவள் செருப்பு. பாலத்தருகே படியில் இறங்கிக் கை நீட்டினான். அவள் கையசைத்தாள். அசைத்துக்கொண்டே பாலத்தடியில் புகுந்து அந்தப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு மர ஏணி. பிடித்து ஏறினாள். முன்னால் ஏறியிருந்த சிவந்த முகத்துக் கிழவி தன் துண்டை நீட்டி என்னவோ கேட்டாள். மொழி புரியவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள்.

மகன் மூச்சிரைக்க வந்து நின்றான். பயம் இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. திட்டத்தான் வாய் திறந்தான்.

"இந்த ஈரத்தோட எப்படிம்மா ரயில் ஏறுறது?"

"காயும்."

தலைமுடியைப் பிழிந்து உதறினாள். துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்கள் மறுபடி இறங்குவதற்காக ஆறு வரும் திசையில் கரையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவளும் வெறுங்காலோடு அவர்கள் பின்னால் நடந்தாள்.

"அத்தை!"

நின்றாள்.

பவித்ரா. கூரை போட்ட நீச்சல் குளத்தைத் தவிர வேறெதிலும் இறங்கியறியாதவள். கணவனைப் பார்க்கவில்லை. ஆற்றையே பார்த்தாள்.

"ரொம்பக் குளிருமா?"

"ஆமா."

பவித்ரா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.