வில்லரசியின் நாய்

"நாய் உக்காந்திருக்குங்க," என்றார் அவர்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மாதக்கணக்கில் இதையேதான் சொல்கிறார்.

குடியிருப்பின் கிளப் அறை. டேபிள் டென்னிஸ் மேசை. அதன்மேல், பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்த மலை, ஆறு, குகை.

ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துபவர் அசோசியேஷன் செயலாளர் கிருபாகரன். யாரும் எதையும் செய்வதாகச் சொல்லலாம். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

பல் டாக்டர் அறிவழகன் இங்கே மும்முடி வீரகேசரி. யானைப்படையைத் தனியாளாக விரட்டியவர். லிஃப்ட் பாதியில் நின்றால் அழுதுவிடுவார்.

மரகதவல்லி மேடம், மகாமாயாவினி. விரலசைத்தால் மலை நகரும். தாசில்தாராக இருந்தபோது அந்த விரலுக்கு ஒரு கோப்பு நகர்ந்ததில்லை.

முதலில் பேசியவருக்கு நாய் வேஷம்.

வில்லரசியின் நாய். வில்லரசி அவர் மனைவி வசுமதி.

"சாருக்கு ஒத்திகையே வேண்டாமுங்க. வீட்ல நடக்கறதுதானே," என்றார் டாக்டர், வேஷம் பிரித்துக் கொடுத்த அன்று.

எல்லோரும் சிரித்தார்கள். வசுமதி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

நாய்க்கு உக்ரபைரவன் என்று பெயர் வைக்கச் செயலாளருக்கு ஆசை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மணி. அப்பத்தான் கூப்ட்டா வரும்."

விலங்காக வருபவர் வாய் திறந்து வசனம் பேசக் கூடாது. விலங்கு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லலாம். செயலாளர் போட்ட சட்டம்.

அவருக்கு அது கஷ்டமாக இல்லை. வீட்டிலும் அப்படித்தான் இருந்து பழக்கம்.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் வசுமதி சொல்வாள்:

"நான் மணி தலையத் தடவிக் குடுக்கறேன்."

அதற்குப் பகடை தேவையில்லை. யாரும் காதில் வாங்குவதுமில்லை. கதை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அவர் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பார்.

மகளின் பிரசவத்துக்கு வசுமதி டாலஸ் போனாள். போவதற்கு முந்தின ஞாயிறு, குகை வாசலில் நாய்க்குக் கட்டளை போட்டாள். மணி, இங்கயே இரு.

மற்றவர்கள் ஊர் ஊராகப் போய் ராட்சசர்களை வதம் செய்துவிட்டு வந்தார்கள்.

மணி இருந்தது.

மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். இன்று காலை மகள் போனில் சொன்னாள்.

"பாப்பா பர்த்டே வரைக்கும் அம்மா இருக்கட்டும்ப்பா. விசா நீட்டிக்கலாமாம்."

பின்னால் குழந்தை அழுதது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று வசுமதியின் குரல் ஓடியது.

அது குழந்தைக்கு.

இப்போது வீரர்கள் குகைக்குள் நுழைந்தாக வேண்டும். உள்ளே கும்மிருட்டு. மோப்பம் பிடிக்க நாய் வேண்டும்.

"ஏனுங் சார், மணிய எனக்கு மாத்திக் குடுத்துருங்க. தங்கமாட்டம் பாத்துக்கறேன்," என்றார் டாக்டர்.

"அப்ப வில்லரசி?"

"நாய் பேசக் கூடாது," என்றார் மரகதவல்லி.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஜமானி நெடுநாள் திரும்பாதொழியின், அவள் கானகத்தில் மறைந்தாள் எனக் கொள்க. அவள் நாய் புதியதோர் எஜமானனை ஏற்கும்."

யாருக்கும் புரியவில்லை என்று செயலாளருக்கே தெரிந்துவிட்டது.

"பகடைய உருட்டுங்க சார். பத்துக்கு மேல விழுந்தா மணி டாக்டருக்கு. வில்லரசி கதைய முடிச்சுரலாம். பத்தோ கீழயோ விழுந்தா மணி வில்லரசியோடதாவே இருக்கட்டும். அவங்க எப்ப வந்தாலும் இடம் உண்டு."

அவர் உருட்டினார்.

பகடை காலண்டரைத் தாண்டி, வலை கட்டும் கம்பியில் இடித்து, அவர் முழங்கையருகே வந்து நின்றது. கடுகு கடுகான எண்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் கண்ணாடியைத் தேடினார்கள்.

அவர் குனிந்து பார்த்தார்.

பதினெட்டு.

வேலை பார்த்த காலம் முழுக்கத் தணிக்கைத் துறை. ஒற்றை எண்ணைத் திருத்தியவனைக்கூட வீட்டுக்கு அனுப்பியவர். கெஞ்சியவர்களுக்கு அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். எண் எண்தான்.

"எவ்வளவுங்க?"

பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"மூணு."

"சரியான பிடிவாதம் புடிச்ச நாயிங்க," என்றார் டாக்டர்.

நாய் இல்லாமலே போனார்கள். மும்முடி வீரகேசரி வாளை உருவிக்கொண்டு முன்னால் நடந்தார். மகாமாயாவினி முதல் குழியிலேயே விழுந்தார். யார் தூக்கிவிடுவது என்று வாக்குவாதம் ஆரம்பித்தது.

அவர்கள் வெளியே வரும்வரை நாய்க்கு வேலையில்லை. அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை.

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் வேடிக்கை பார்க்க உள்ளே வந்தார். எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டார். உட்கார இடம் தேடி, அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார்.

அவர் அதன் முதுகில் கை வைத்தார்.

"ஆள் வருது," என்றார்.