பாப்பாவின் கோணல் சிரிப்பு

பாப்பாவின் வாய் காலையிலிருந்து ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே இருந்தது. இடது ஓரம் எழவே இல்லை. "ஒரே ஒரு தடவை ஒழுங்கா சிரிச்சுடுடி, என் செல்லம்ல" என்று அவள் கெஞ்சாத குறை.

நல்லவேளை, பாப்பா உயிருள்ள பிள்ளை இல்லை. கம்ப்யூட்டருக்குள் அவள் மூன்று மாதமாகச் செய்த பொம்மை. காது கேளாத பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகுவதற்காகச் செய்தது. வாய் கோணினால் அப்புறம் பாப்பா எதற்கு? மூன்று மணிக்குள் கேட்டவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும், ஆபீசில் ஆறு பேர் உழைப்பு பாழாய்ப் போன பழி அவள் தலையில் விடியும்.

குற்றவாளி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முடி, இமை, பல், சட்டை என்று பாப்பாவுக்கு மாட்டியிருந்த ஆட்-ஆன் ஃபைல்கள் அறுபத்து நாலு. நேற்று சாயங்காலம் எங்கிருந்தோ இலவசமாக ஓர் உதட்டு ஃபைலை இறக்கி, அதையும் மாட்டியது அவளேதான். "தெரியாத இடத்து ஃபைல் வேணாங்க்கா" என்று சவுரி தலைபாடாக அடித்துக்கொண்டான். பொம்மைகளுக்குத் தலைமுடி செய்கிறவன் என்பதால் ஆபீசில் அவனுக்கு அந்தப் பெயர். கேட்டாளா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

முதலில் அந்த ஃபைலைத் தூக்கி எறிந்தாள். கோணல் போகவில்லை. கூட இருந்த ஃபைல்களையும் கெடுத்திருக்கும் என்று வழக்கமான முறையில் இறங்கினாள். பாதி ஃபைல்களைக் கழற்றிவிட்டு, மானிட்டர் மேலிருக்கும் கேமராவுக்கு முன் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். பேசுகிற வாய் அசைகிறபடி பாப்பாவின் வாயும் அசையும். அப்போதும் கோணினால் மாட்டியிருக்கிற மிச்சப் பாதியில் திருடன் இருக்கிறான். அதையும் பாதியாக்க வேண்டியதுதான்.

பதினொன்றரைக்குக் கணவன் போன் செய்தான்.

"என்ன, சாப்பிட்டுக்கிட்டே பேசறியா? ஒண்ணும் புரியல."

"ஆமா, ஆமா. அப்புறம் பேசறேன், வை."

பொய். காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. உண்மையைச் சொன்னால் திட்டுவான், திட்டு வாங்கவும் இப்போது நேரமில்லை.

முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு. ஒவ்வொரு தடவையும் கோணல்தான். கடைசியில் முடியில்லை, இமையில்லை, பல்லில்லை, மொட்டைப் பாப்பா மட்டும் மிச்சம். அதுவும் கோணிக்கொண்டு நின்றது. மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஊஹும்.

மணி ஒன்று. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் கையாலேயே கெடுத்துட்டேனே!"

பின் வரிசையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறொரு பொம்மைக்கு முடி சீவிக்கொண்டிருந்த சவுரி அப்போதுதான் எழுந்து வந்தான். "எந்திரிங்கக்கா, நான் ஒரு தடவை பாக்கறேன்."

உட்கார்ந்தான். "அ, ஆ, இ, ஈ" என்று வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு ஈயென்று இளித்தான். பாப்பாவும் இளித்தது. இரண்டு ஓரமும் சமமாக, காது வரைக்கும்.

"சரியாயிடுச்சு! டேய், என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. உக்காந்தேன், அவ்வளவுதான்."

அவனைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள். "அ, ஆ" என்றாள், சிரித்தாள். பாப்பாவின் இடது ஓரம் மறுபடி தொங்கியது.

"பாத்தியா? என்னைக் கண்டா மட்டும் அதுக்கு ஆகல!"

சவுரி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நாற்காலியை மெல்லத் தன் பக்கம் திருப்பினான்.

"பாப்பாவ விடுங்கக்கா. என்னைப் பாத்துச் சிரிங்க."

"இருக்கிற இருப்புல உனக்கு விளையாட்டா?" என்றவள், அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்துக் காட்டினாள்.

அவன் போனை எடுத்து ஆம்புலன்சுக்கு 108-ஐ அழுத்தினான்.

"எந்திரிங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."