கடைசிப் பக்கத்துக்குப் பூட்டு

கனடாவில், பிக்கரிங் களஞ்சியசாலையின் சாப்பாட்டு அறையில், இரவு ஏழரை ஆகியும் ஜூன் வெயில் மேசையில் கிடக்கிறது. குகதாசனின் ஃபோன் தேநீர்ப் போத்தலில் சாய்ந்து நிற்கிறது. திரையில், மோர்னிங்சைட் வீட்டுக் கட்டிலில், ஆறு வயது மகள் ஆரணி. இருவர் கையிலும் நூலகத்தில் எடுத்த ஒரே கதையின் இரண்டு பிரதிகள். "நான் சொன்னாப் பிறகுதான் பக்கத்தைத் திருப்போணும் அப்பா, ஓகே?" "ஓம் குஞ்சு." மூன்று மாதமாக அவனுடைய பதினைந்து நிமிட இடைவேளை இப்படித்தான் போகிறது. அவன் கதையில் வரும் முதலையாகி உறுமுகிறான். கூட வேலை செய்யும் இராசமலர் அக்கா, வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸை அப்படியே பிடித்திருக்கிறார். முதலை வாயைப் பிளக்கிறது. மீன்குஞ்சு உள்ளே எட்டிப் பார்க்கிறது. இடைவேளை முடியும் மணி அடிக்கிறது. "ஐயோ, கடைசிப் பக்கமெல்லே! மீனுக்கு என்ன நடந்தது?" அக்கா எழும்பியே விடுகிறார். "நாளைக்கு! ஒருத்தரும் களவாப் பாக்கக் கூடாது!" ஆரணி கட்டிலில் துள்ளித் துள்ளிக் கத்திவிட்டு, தன் புத்தகத்தை அம்மாவிடம் ஒப்படைக்கிறாள். குகதாசனும் தன்னுடையதை லொக்கரில் வைத்துப் பூட்டுகிறான். கையிலுள்ள சாவியை, அந்தச் சின்னத் திறப்பை, ஒரு கணம் பார்க்கிறான். பிறகு அக்காவிடம் நீட்டுகிறான்: "நீங்கள் வச்சிருங்கோ. என்னை நம்பேலாது." அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார். "ஐயோ, என்னட்டத் தராதை தம்பி! நான் இப்பவே திறந்திடுவன்."