பாஸான மண்

"எம் மண்ணு பெயிலாகும்னு எவனாவது நெனச்சா, அந்த நெனப்பை அழிச்சிருங்க வே!"

சங்கரன்கோவில் மண் பரிசோதனை முகாமில் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார் வெள்ளத்துரை. குருவிகுளம் பக்கத்தில் விதைக்கடலை என்றால் அவர் வயல் கடலைதான். மண்ணில் கோளாறு என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எவன் வாங்குவான்?

கோளாறு இருக்கத்தான் செய்தது. பூவெடுக்கிற நேரத்தில் கொழுந்தெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. பக்கத்து வயல் நல்லக்கண்ணுவின் கடலையோ பச்சைப் பசேலென்று நின்றது. முகாமுக்கு மண் கேட்டதும், ஆள் நடமாட்டமில்லாத மதியமாகப் பார்த்து வரப்பைத் தாண்டினார் மனுஷன். நல்லக்கண்ணுவின் மண்ணை அள்ளித் தன் பேரில் கொடுத்துவிட்டார்!

ஆய்வாளர் ஞானபூரணம், மண்ணை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பேரியம் உப்பைப் போட்டுக் குலுக்கினார். வெள்ளத்துரை பேர் ஒட்டிய குழாய் பால் மாதிரி கலங்கியது.

வெள்ளத்துரை குழாய்ப் பக்கம் ஓடினார். "ஐயையோ, கலங்கிட்டுதே தாயி! பெயிலா?"

"கலங்குனாத்தான் அண்ணாச்சி மண்ணுல கந்தகச் சத்து இருக்குன்னு அர்த்தம்." குழாயைக் கருவிக்குள் செருகினார். முள் விறுவிறுவென்று ஏறியது. "நல்ல மண்ணு. ஒண்ணும் போட வேண்டாம்."

வெள்ளத்துரையின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

அடுத்தது நல்லக்கண்ணுவின் குழாய். எவ்வளவு குலுக்கியும் தெளிந்த தண்ணீராகவே நின்றது. முள் லேசாக ஆடியதோடு சரி.

"கந்தகம் ரொம்பக் குறைச்சல். உடனே கந்தகச் சத்துள்ள ஜிப்சம் போட்டு, செடித் தூருல மண்ணை அணைச்சு விடுங்க. இல்லேன்னா காய் பிடிக்காது."

இரண்டுமே நல்லக்கண்ணு வயல் மண்தானே, எப்படி இரண்டு விதமாகும் என்று வெள்ளத்துரைக்குக் கொஞ்சம் உறுத்தியது. வயலுக்குள் அங்கங்கே மண் மாறத்தானே செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"நல்லக்கண்ணு, அடுத்த பட்டத்துக்கு விதை வேணும்னா கூச்சப்படாம நம்ம வீட்டுக்கு வாரும் வே!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்லக்கண்ணுவும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வெள்ளத்துரை வயலுக்குப் போனால், அங்கே நல்லக்கண்ணு வண்டியிலிருந்து ஜிப்சம் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கன வே எறக்குதீரு? இது என் வயலு. ஒம்ம வயலு அங்கன கெடக்கு!"

நல்லக்கண்ணு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீரு எம் மண்ணை அள்ளுனதைப் பாத்துட்டேன் வே. ஒம்ம விதைக்கடலையாலதான் நம்ம ஊருக்கே பேரு. அந்தப் பேரும் கெடக் கூடாது, பயிரும் கெடக் கூடாது. அதான் ஒம்ம மண்ணை எம் பேருல கொடுத்தேன்."