முதல் கரண்டி

பகல் பதினொன்றரை மணி. மீன் சாப்பாட்டுக் கடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து மனைவியோடு உட்காரும் ஜன்னலோர மேசையில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தன் எதிரே ஆவி பறக்கும் நண்டு சூப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தொண்டையில் அறுவை சிகிச்சையாகி நாற்பத்தொரு நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். நேற்றுதான் குழாயை எடுத்தார்கள். "சதைய மையா அரைச்சு ரெண்டு தடவ வடிகட்டிட்டேண்ணே. காரமே போடல" என்கிறாள் கடையை நடத்தும் சமையல்காரி. புரையேறினால் காதில் விழ வேண்டுமென்று, இரைந்துகொண்டிருந்த அடுப்படி விசிறியை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறாள். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் மணக்கும் ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிகிறது. முதல் கரண்டியை மெல்ல வாய்க்குக் கொண்டுபோகிறார். தாங்கிப் பிடிக்க எழுந்த தன் கையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி மடியிலேயே அடக்கிக்கொள்கிறாள். அவள் கண் அவர் கழுத்துத் தழும்பை விட்டு நகரவில்லை. தழும்பு மேலேறுகிறது, நிற்கிறது, மெல்ல இறங்குகிறது. இருமல் வரவில்லை. சமையல்காரி எப்போதோ காய்ந்துவிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். இரண்டாவது கரண்டியும் இறங்குகிறது. அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்கிறார்.

"உனக்கு எங்க?" குரல் கரகரக்கிறது.

நாற்பத்தொரு நாளாகத் தன் கண்ணெதிரே அவள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை என்பதை அவர் கவனித்துத்தான் இருக்கிறார். அவளுக்கு அது இப்போதுதான் புரிகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்காரியைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டாம்மா. காரம் போட்டே."